கிருமி போன பிறகும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: இரைப்பை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

இரைப்பையில் தங்கி வாழும் எச். பைலோரி கிருமிக்கு மருந்து எழுதித் தருகிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். இரைப்பை குடல் நிபுணர்கள், நாள் முழுக்க எண்டோஸ்கோபி அறையில் நிற்பவர்கள், வயிற்றெரிச்சல் என்று வருகிறவர்களை முதலில் பார்க்கும் பொது மருத்துவர்கள், எல்லோரும்தான். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. என் அக்காவுக்குத் தம்பி. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்கு 51 வயதில் இரைப்பையில் அல்சர் வந்தது. டியூப் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், எச். பைலோரி இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு ஆன்டிபயாடிக், அமிலச் சுரப்பைக் குறைக்கிற ஒரு அமில மாத்திரை, 14 நாள். வாயெல்லாம் இரும்பைச் சப்பியது போல ஒரு கசப்பு என்று தினமும் சொல்வாள். ஆனாலும் ஒரு வேளை விடவில்லை. காலண்டரில் ஒவ்வொரு வேளைக்கும் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தாள். ஒன்றரை மாதம் கழித்துப் பையில் ஊதச் சொல்லி மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். கிருமி இல்லை. "சுத்தமா போயிடுச்சும்மா. இனிமே கவலையே இல்லை, போயிட்டு வாங்க" என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் எனக்குப் போன் செய்தாள். "கேன்சர் கொண்டுவர்ற கிருமியாம்டா. ஒழிச்சாச்சு." அந்தக் குரலில் இருந்த நிம்மதி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

ஒன்பது வருஷம் கழித்து அதே இரைப்பையில் புற்றுநோய்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவர் கொடுத்த மருந்தில் தப்பில்லை. அக்கா சாப்பிட்டதிலும் தப்பில்லை. கிருமி உண்மையாகவே போயிருந்தது. திரும்பி வரவும் இல்லை. இரண்டாவது முறை எடுத்த சதையிலும் அது இல்லை. அப்படியிருந்தும் புற்றுநோய் வந்தது. இது எப்படி நடக்கும் என்று அன்றைக்கு எங்களுக்குப் புரியவில்லை. ஏமாற்றப்பட்டது போலத்தான் இருந்தது.

புரிய வைத்தது ஒரு பழைய காகிதம். அறுவை சிகிச்சை நிபுணர் அக்காவின் பழைய கோப்பைக் கேட்டார். ஓரம் மடங்கிய பயாப்ஸி அறிக்கையை விரித்து, மூன்றாவது வரியில் விரலை வைத்து நிறுத்தினார். இரைப்பையின் கீழ்ப்பகுதி, நடுப்பகுதி இரண்டிலும் சளிச்சவ்வு தேய்ந்திருக்கிறது, குடல்வகை மாற்றம் தெரிகிறது என்று மருத்துவ மொழியில் அதில் இருந்தது. "இதுக்கப்புறம் ஒரு தடவைகூட எண்டோஸ்கோபி பார்க்கலையா?" என்று கேட்டார். "யாரும் சொல்லலையே டாக்டர்" என்றாள் அக்கா. அவர் பதில் பேசவில்லை. காகிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார்.

முதல் வரியில் அல்சர், இரண்டாவது வரியில் கிருமி. இரண்டுக்கும் சிகிச்சை நடந்தது. மூன்றாவது வரியை எங்களுக்குப் படித்துக் காட்ட யாருமில்லை.

அக்காவுக்கு நோய் தெரிந்த பிறகு வீட்டில் எல்லோரும் பரிசோதனைக்குப் போனோம். எனக்கும் கிருமி இருந்தது. சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற கிருமி என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு வாய்த்த மருத்துவர் வேறு மாதிரி. அறிக்கை வந்ததும் அதைத் திருப்பி, பின்பக்கம் ஒரு படிக்கட்டு வரைந்தார். முதல் படி வீக்கம். அடுத்தது, அமிலம் சுரக்கிற சுரப்பிகள் அழிந்து சளிச்சவ்வு தேய்வது. அதற்கும் மேலே, தேய்ந்த இடத்தில் குடலின் தோலைப் போல ஒரு தோல் முளைப்பது. அப்புறம் செல்கள் ஒழுங்கு கெடுவது. கடைசிப் படி புற்றுநோய். "கிருமி உங்களை இந்தப் படியில பிடிச்சுத் தள்ளிக்கிட்டே இருக்கும். மருந்து அந்தக் கையை எடுத்துடும். ஆனா எந்தப் படியில நிக்கிறீங்களோ அங்கிருந்து உங்களைத் தூக்கிக் கீழே இறக்காது. நீங்க முதல் படியிலதான் இருக்கீங்க" என்றார். பேனா முனையை நான்கு விநாடி அந்த முதல் படியில் வைத்திருந்தார். அப்புறம் நானே கேட்டேன், அக்கா எந்தப் படியில் இருந்தாள் என்று. மூன்றாவது படியைக் காட்டினார்.

ஒரே வீடு, ஒரே கிருமி. இரண்டு பேருக்கும் கிருமி போய்விட்டது. ஆனால் கிருமி போன அன்றைக்கு நாங்கள் நின்ற இடம் வேறு வேறு. எனக்கு அது சொல்லப்பட்டது, அக்காவுக்குச் சொல்லப்படவில்லை. இந்த மடலின் விஷயமே இதுதான்.

இந்தப் படிக்கட்டு உங்களுக்குப் புதிதில்லை. பெலாயோ கொரியா என்ற நோயியல் நிபுணர் இதை வரிசைப்படுத்தி எழுதி எத்தனையோ வருஷமாகிவிட்டது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். மார்ஷல் அதைத் தானே குடித்து இரைப்பை வீக்கத்தை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைக் காரணிகளில் சேர்த்துவிட்டது. அக்கா அன்று போனில் சொன்ன "கேன்சர் கொண்டுவர்ற கிருமி" என்பது உண்மைதான். அந்த உண்மையின் மறுபாதிதான் அவளுக்குக் கிடைக்கவில்லை.

அந்த மறுபாதியும் உங்கள் ஆய்வுகளிலேயே இருக்கிறது. அக்காவின் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தூக்கம் வராத இரவுகளில் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன்.

2004இல் வெளிவந்த ஒரு சீன ஆய்வு. கிருமி இருந்த 1,630 பேரில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஏழரை வருஷம் கழித்து எண்ணிப் பார்த்தால் மருந்து எடுத்தவர்களில் 7 பேருக்குப் புற்றுநோய், எடுக்காதவர்களில் 11 பேருக்கு. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் தொடக்கத்தில் தேய்வோ குடல்வகை மாற்றமோ இல்லாத 988 பேரை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை. எடுக்காதவர்களில் 6 பேருக்கு வந்தது. என் மருத்துவர் பேனாவால் வரைந்த படிக்கட்டு அந்த எண்களில் அப்படியே இருந்தது. அதைப் படித்த இரவு ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருந்தேன்.

மருந்தே வீண் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண்ணத்தோடு ஒருவர்கூட இந்த மடலை மூடிவிடக் கூடாது என்பதில் எனக்குப் பெரிய கவலை உண்டு. தென் கொரியாவில், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இரைப்பைப் புற்றுநோய் இருந்த 1,676 பேரைச் சுமார் 9 வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2020இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.7 சதவீதம் பேருக்குப் புற்றுநோய், மருந்து எடுத்தவர்களில் 1.2 சதவீதம். மருந்து எடுத்தும் நோய் வந்தவர்கள் 10 பேர். அதில் 5 பேருக்குக் கிருமி போகவே இல்லை. கிருமி உண்மையாகவே நீங்கியவர்களை மட்டும் எடுத்தால் 0.8 சதவீதம். என்னைப் போன்றவர்களைப் பற்றிய ஆய்வு அது. மருந்து என்னைக் காப்பாற்றுகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தேவையில்லை.

இன்னொன்று, நார்டிக் நாடுகள் ஐந்திலும் சேர்த்து இந்தச் சிகிச்சை எடுத்த 6,59,592 பேரின் கணக்கு. சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஐந்து வருஷங்களில் இரைப்பைப் புற்றுநோய் பொது மக்களைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆறிலிருந்து பத்து வருஷத்துக்குள் அது 1.3 மடங்காகக் குறைகிறது. 11 வருஷம் தாண்டினால் மற்றவர்களோடு கிட்டத்தட்ட சமம். எவ்வளவு நம்பிக்கை தரும் செய்தி! ஆனால் கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆபத்து ஒரே நாளில் விழுவதில்லை. மெல்ல மெல்ல, வருஷக்கணக்கில் இறங்குகிறது. அதுவும் எல்லோரையும் சேர்த்து எடுத்த சராசரி. சளிச்சவ்வு ஏற்கனவே நிறையத் தேய்ந்தவருக்கு அந்தச் சராசரி பொருந்தாது. கிருமி போய்ப் பத்து வருஷம் தாண்டிய பிறகும் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களைப் பற்றி ஜப்பானிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கிருமி போன பிறகு வரும் புற்றுநோயின் மேல் சாதாரணத் தோல் போல ஒரு படலம் மூடிவிடுவதால், டியூப் வழியாகப் பார்க்கும்போது வெறும் வீக்கம் போலவே தெரியும் என்கிறார்கள். பொறுமையாகப் பார்க்கிற கண் வேண்டியிருக்கிறது.

அக்காவிடம் "இனிமே கவலையே இல்லை" என்று சொன்ன அந்த வாக்கியம் இந்த எண்களில் எதோடும் ஒத்துப்போகவில்லை. "கவலை குறைந்திருக்கிறது, மீதிக்கு நாம் ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம்" என்று சொல்லியிருந்தால் அவளுக்கும் புரிந்திருக்கும். அவள் காலண்டரில் கோடு போட்டு மாத்திரை சாப்பிட்டவள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை வா என்றால் தேதி தவறாமல் வந்து நின்றிருப்பாள்.

அந்த வாக்கியம் செய்த இன்னொரு கெடுதல் உண்டு. ஏழாவது வருஷத்தில் அவளுக்கு வயிற்றில் சங்கடம் தொடங்கியது. நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். "கிருமிதான் போயிடுச்சே, இது வெறும் கேஸ்" என்று தானே கடையில் அமில மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். கேட்கும். சில வாரம் நன்றாக இருப்பாள். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. புடவை இடுப்பில் நிற்காமல் நழுவ ஆரம்பித்தபோதுதான் எடை குறைந்ததே எங்களுக்கு உறைத்தது. அவள் பயப்படாததற்குக் காரணம் அலட்சியம் கிடையாது. பயப்பட வேண்டாம் என்று ஒரு மருத்துவர் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

அமில மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. கிருமி நீங்கியவர்கள் அதை நீண்ட காலம் தொடர்ந்து எடுத்தால் இரைப்பைப் புற்றுநோய் அதிகமாகக் காணப்பட்டது என்று 2018இல் ஹாங்காங்கிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. அது பதிவேடுகளைப் பார்த்து எழுதப்பட்டது. மாத்திரைதான் காரணம் என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. அக்காவின் விஷயத்தில் நான் மாத்திரையைக் குற்றம் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த மாத்திரை அவள் வலியை மூடி வைத்தது என்பது எனக்குத் தெரியும். கிருமிச் சிகிச்சை முடிந்தவர் மறுபடி அமில மாத்திரை கேட்டு வந்தால், சீட்டு எழுதுவதற்கு முன்னால் பழைய பயாப்ஸி அறிக்கையை ஒரு முறை கேளுங்கள்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன?

முதலில், சதை எடுக்கும்போதே படி எது என்று தெரியும்படி எடுங்கள். கிருமி இருக்கிறதா என்று பார்க்க மட்டும் கீழ்ப்பகுதியில் ஒரு துணுக்கு எடுத்தால், மற்ற இடம் எப்படி இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. சிட்னி முறையில் ஐந்து துணுக்குகள்: கீழ்ப்பகுதியில் இரண்டு, நடுப்பகுதியில் இரண்டு, இரண்டுக்கும் நடுவிலுள்ள வளைவில் ஒன்று. கீழ்ப்பகுதியும் நடுப்பகுதியும் தனித்தனி பாட்டிலில். தேய்வு ஒரு மூலையில் இருக்கிறதா, இரைப்பை முழுக்கப் பரவியிருக்கிறதா என்பதில்தானே மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது? என் மருத்துவர் இதைச் செய்ததால் நான் முதல் படியில் இருக்கிறேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. டியூப் உள்ளேதான் இருக்கிறது. கூடுதலாக ஆவது சில நிமிடங்கள்.

கிருமி போனதா என்று திரும்பப் பார்ப்பதை எப்போதும் விடாதீர்கள். அக்காவுக்குப் பார்த்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் வலி நின்றதும் நோயாளி வருவதை நிறுத்திவிடுகிறார், மருத்துவரும் விட்டுவிடுகிறார். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத எச். பைலோரியை 2017இல் உலக சுகாதார நிறுவனம் அவசரமாகப் புது மருந்து தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் சேர்த்தது. மருந்து சாப்பிட்டதாலேயே கிருமி போய்விட்டது என்று இப்போது எடுத்துக்கொள்ளவே முடியாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறையின் பதிவேடுகளில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். மருந்து வாங்கினார் என்பது மட்டும் புற்றுநோயைக் குறைக்கவில்லை. கிருமி நீங்கியது உறுதியானவர்களுக்கு, நீங்காதவர்களோடு ஒப்பிட்டால், ஆபத்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. மருந்து முடிந்து நான்கு வாரமாவது கழித்து, அமில மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் அது வெகுகாலம் தங்கியிருக்கும். இதெல்லாம் நோயாளிக்கு எப்படித் தெரியும்? தேதி போட்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் தெரியும்.

அப்புறம், மூன்றாவது வரி. அதை நோயாளியின் மொழியில் படித்துச் சொல்லுங்கள். எல்லோரையும் வருஷா வருஷம் டியூப் விட்டுப் பார்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அது தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். தேய்வோ குடல்வகை மாற்றமோ கீழ்ப்பகுதியோடு நின்றுவிட்டது, குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை, வேறு சிக்கலும் இல்லை என்றால் தொடர்ந்து பார்க்க வேண்டாம் என்றுதான் 2019இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொன்னது. கீழும் நடுவும் இரண்டுமே பாதிக்கப்பட்டிருந்தால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. அதோடு பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இரைப்பைப் புற்றுநோயும் இருந்தால் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. 2020இல் அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் இவ்வளவு தூரம் போகவில்லை. குடல்வகை மாற்றம் இருக்கிறது என்பதாலேயே எல்லோரையும் வழக்கமாகக் கண்காணிக்க வேண்டாம், ஆபத்து அதிகமுள்ளவரோடு பேசி முடிவெடுக்கலாம் என்றது. உங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கட்டும். எந்தப் பக்கம் நீங்கள் நின்றாலும் "பேசி முடிவெடுப்பது" என்பதற்கு ஒரு பேச்சு நடந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே நடக்கவில்லை.

நேரமில்லை என்பீர்கள். அறைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மருத்துவர் படிக்கட்டு வரைந்து முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் கீழே அவர் கையெழுத்தில் நான்கு விஷயங்கள்: கிருமி நீங்கியது உறுதி, தேதியோடு. சளிச்சவ்வின் நிலை, வீக்கம் மட்டும். குடும்பத்தில் புற்றுநோய், உண்டு. அடுத்த எண்டோஸ்கோபி எப்போது என்று மாதமும் வருஷமும். நாளைக்கு நான் எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த ஒரு காகிதம் போதும். "நீங்க பயந்துடுவீங்களோன்னு சொல்லாம இருக்கிறது நல்லதில்லை. பயத்துக்கும் ஒரு தேதி கொடுத்துட்டா அது அடங்கிடும்" என்றார். எனக்கு அடங்கியது.

ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் வயிற்றைத் திறக்காமல், டியூப் வழியாகவே அந்த இடத்தை மட்டும் செதுக்கி எடுத்துவிட முடிகிறது. அப்படி ஆரம்பத்திலேயே பிடிபட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டி வாழ்கிறார்கள். அக்கா இருந்த இடத்தில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பார்த்திருந்தால் இடையில் இரண்டு எண்டோஸ்கோபி நடந்திருக்கும். ஏதாவது ஒன்றில் நிச்சயம் தெரிந்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தெரிவதற்கு இரண்டு வாய்ப்பு இருந்திருக்கும்.

அக்கா இருக்கிறாள். இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை, சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள். வேகமாகச் சாப்பிட்டால் நெஞ்சு படபடத்து வியர்த்துவிடும், படுத்துக்கொள்ள வேண்டும். வைட்டமின் பி12 ஊசி ஆயுள் முழுக்க. எல்லோரும் எழுந்து கைகழுவப் போன பிறகும் அவள் மட்டும் அந்தக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள். நானும் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருப்பேன். அந்த மருத்துவர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. "அவர் நல்லா வரணும்னுதான் சொன்னார்" என்கிறாள்.

கடைசியாக ஒன்று. கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் நீங்கள் கிருமிக்கு மருந்து கொடுத்து, நல்ல செய்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பியவர்களின் பயாப்ஸி அறிக்கைகள் உங்கள் மருத்துவமனையில் எங்கேயோ இருக்கும். கணினியில் இருந்தால் தேடுவது சுலபம். இரைப்பையின் இரண்டு பகுதிகளிலும் தேய்வு அல்லது குடல்வகை மாற்றம் என்று எழுதப்பட்டிருக்கும் பெயர்களைத் தனியே எடுங்கள். அவர்களில் யார் திரும்பி வரவில்லை என்று பாருங்கள். வராதவர்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள். அவர்களில் பலர் இன்றைக்கும், எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதியில், வயிற்றுச் சங்கடத்துக்குத் தாங்களே மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
ஒரு தம்பி